சர்சி தரப்பையும் கேளுங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் புத்தகப் பக்கத்துல மேடலின் மில்லர் 2018ல எழுதின 'சர்சி' நாவலுக்கு வந்த விமர்சனத்த படிச்சேன். கிரேக்கக் கவி ஹோமரோட ஒடிஸி காவியத்துல, தன் தீவுக்கு வந்தவங்கள பன்னியாக்குற சூனியக்கார வில்லியா இருந்த சர்சிய இந்த நாவல் நல்லவளா மாத்திடுச்சு, மூலக்கதைக்கு துரோகம்னு விமர்சகர் எழுதியிருந்தாரு. மனசு ஆறவே இல்ல, அதான் இந்த லெட்டர்.

ஒடிஸில சர்சி கதைய சொல்றது ஹோமர் இல்லைங்க, காவிய நாயகன் ஒடிஸியஸ். கப்பல், ஆளுங்க எல்லாத்தையும் தொலைச்சுட்டு தனியா கரை ஒதுங்கினவன் அல்கினோஸ் ராஜாவோட விருந்துல உக்காந்து தன் பெருமைய தானே சொல்றான், 9ல இருந்து 12 வரைக்கும் நாலு பாகமும் அவன் வாயால வர்றதுதான். அடுத்த பாகத்துலயே அதீனா தேவி எதிர்ல வந்து நிக்கிறப்ப யாருன்னு தெரியாம அவகிட்டயே சரளமா பொய் சொல்வான், அத கேட்டு அதீனாவே சிரிப்பா. அப்படிப்பட்டவன் நான் வாள உருவுனதும் சர்சி அலறிக்கிட்டு என் முழங்கால பிடிச்சான்னு சொன்னா அத மட்டும் அப்படியே நம்பணுமா? அவ தரப்ப சொல்ல அந்த விருந்துல யாரு இருந்தா?

வந்தவங்கள அவ ஏன் பன்னியாக்கினா, அதுக்கும் ஒடிஸில காரணமே கிடையாது. நாவல்ல இருக்கு. கடல்ல அலைஞ்சு பசியோட வந்தவங்களுக்கு அவ சோறு போடுறா, அவங்க வீட்ல ஆம்பள யாரும் இல்லையான்னு விசாரிக்கிறாங்க, இல்லைன்னு தெரிஞ்ச நிமிஷமே அவங்க பார்வை மாறுது, அப்புறம் நடக்குறத என்னால தொடர்ந்து படிக்க முடியல, புத்தகத்த மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அதுக்கப்புறம்தான் பன்னி.

அதுக்காக நல்லவளா காட்டிட்டாங்கன்னு சொல்றது தப்பு. கிளாக்கஸ்ங்கிற கடல்தேவன் மேல இருந்த ஆசைல, பொறாமைல, ஸ்கில்லாங்கிற தேவகன்னிய அரக்கியாக்கினது இவதான், ரோமக் கவி ஓவிட் எழுதின பழைய கதைலயும் அப்படித்தான். ஸ்கில்லா இருக்குற ஜலசந்தில அவகிட்ட சிக்கி சாகுற ஒவ்வொரு மாலுமியும் தன் கணக்குலதான்னு நாவல் முழுக்க சர்சி சுமக்கிறா. அந்தக் கணக்க கடைசில எப்படி தீர்க்குறான்னு சொல்ல மாட்டேன், படிக்காதவங்க இருப்பாங்க. காளைத்தலை அரக்கன் மினோட்டார், சூனியக்காரி மீடியா வர்ற இடமெல்லாம் கொஞ்சம் அவசரமா ஓடுதுன்னு எனக்கும் தோணுச்சு, ஆனா அது வேற குறை.

எனக்கு ரொம்ப பிடிச்சது குரல் விஷயம். மனுஷக் குரல்ல பேசுற பயங்கரமான தெய்வம்னு ஒடிஸில அவளுக்கு ஒரு அடைமொழி வரும், படிக்கிறவங்க கவனிக்காம தாண்டிப் போயிடுவோம். மில்லர் அத பிடிச்சுக்கிட்டு, சூரியதேவன் ஹீலியஸோட மாளிகைல அந்தக் குரலுக்காகவே அவமானப்பட்டு வளர்ற ஒரு பொண்ண உருவாக்கியிருக்காங்க. கூடப் பொறந்த மூணு பேருக்கும் இவள மாதிரியே மூலிகையால மந்திரம் செய்யுற மருந்து வித்தை தெரியும், ஆனா ஏயேயா தீவுக்கு நாடுகடத்துனது அந்த வித்தைய நான்தான் செஞ்சேன்னு வாயத் தொறந்து ஒத்துக்கிட்ட இவள மட்டும். மூலத்த வரி வரியா படிச்சவங்களாலதான் இப்படி எழுத முடியும், இத போயி துரோகம்னா எப்படிங்க?

அந்த விமர்சகர் ஒடிஸியோட பத்தாவது பாகத்தையும் நாவலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இன்னொரு தடவ படிச்சுட்டு எழுதணும், அத நீங்க அதே பக்கத்துல போடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி