பழைய போர் விமானத்தின் சத்தத்தைப் பாட்டுப் போட்டு மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்களைப் புதுப்பித்துப் பறக்கவிடும் காணொளிகளை நம் பத்திரிகைகளும் இப்போது அடிக்கடி வெளியிடுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எஞ்சின் சத்தத்தை எடுத்துவிட்டு, அதன்மேல் வீராவேசமான ஒரு பின்னணி இசையை ஏற்றிவிடுகிறார்கள். ஒரு பாடகர் பாடுவதைப் படம் பிடித்து, அவர் குரலை மட்டும் நீக்கிவிட்டு வேறு எதையோ ஒட்டி வெளியிட்டால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா? இதுவும் அப்படித்தான். அந்தச் சத்தம் விமானத்தின் பாதி.

மெர்லின் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் செய்த இந்த எஞ்சின்தான், அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங்கின் பிற்கால வகைகளில் இருந்ததும் பேக்கார்ட் கம்பெனி உரிமம் வாங்கி அமெரிக்காவில் தயாரித்த இதே எஞ்சின்தான். 27 லிட்டர், 12 சிலிண்டர். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள், நொடிக்கு 240 வெடிப்பு. கார்களில் இருப்பதுபோல் சைலன்சர் எதுவும் கிடையாது, சிலிண்டரிலிருந்து வரும் புகை ஒரு சாண் நீளக் குழாய் வழியாக நேரே வெளியே பாய்கிறது, அதனால் அந்த 240 வெடிப்பும் அப்படியே நம் காதுக்கு வருகிறது. ஆனாலும் அது கரடுமுரடாக இருக்காது. அடியில் கனமான ஒரு உறுமல், அதன்மேல், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரின் மெல்லிய கீச்சு ஒன்று இழையோடும். விமானி வேகத்தைக் குறைத்துத் தரையிறங்க வரும்போது படபடவென்று பொரிவது தனி அழகு.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் இடத்தைத்தான் காணொளிக்காரர்கள் முதலில் வெட்டுகிறார்கள். எனக்குப் பறப்பதைவிட அது பிடிக்கும். மூக்கிலுள்ள சுழலியின் (புரொப்பெல்லர்) பட்டைகள் மெதுவாக இரண்டு மூன்று தடவை திரும்பும், ஒரு சிலிண்டர் மட்டும் இருமும், வெள்ளைப் புகை வரும், சில சமயம் குழாய்களிலிருந்து தீ நாக்கு எட்டிப் பார்க்கும், அப்புறம் திடீரென்று பன்னிரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஸ்பிட்ஃபயர் அதற்குமேல் தரையில் அதிக நேரம் காத்திருக்க முடியாது. ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது, தரையில் அதற்குப் போதிய காற்று கிடைக்காமல் எஞ்சின் சூடேறிக்கொண்டே போகும். மூக்கோ நீளமாக மேலே தூக்கி நிற்கிறது, விமானிக்கு முன்னால் எதுவும் தெரியாது, அதனால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடுபாதைக்குப் போவார்கள். இதெல்லாம் தெரிந்து பார்க்கும்போது அந்த ஐந்து நிமிடமும் பதற்றமாக இருக்கும்.

எல்லாப் பழைய விமானமும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும் என்று நினைப்பதால்தான் இசையைப் போட மனம் வருகிறதோ என்னவோ. அமெரிக்காவின் லைட்னிங் போர் விமானத்தில் இரண்டு எஞ்சின், அப்படியும் அது ஆச்சரியமாக அமைதியாகப் போகும், ஏனென்றால் புகை முதலில், அந்தப் புகையாலேயே சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜரின் வழியாகப் போய்த்தான் வெளியேறுகிறது. கோர்சேர் என்ற இன்னொரு அமெரிக்கப் போர் விமானத்தில் 18 சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய 46 லிட்டர் எஞ்சின், அடிவயிற்றில் கேட்கும். அது பாய்ந்து கீழே வரும்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பிலுள்ள காற்றுத் துளைகள் சீழ்க்கை அடிக்கும், 'விசிலடிக்கும் மரணம்' என்று அதற்குப் போர்க்காலப் பெயரே உண்டு. ஹார்வர்ட் பயிற்சி விமானத்தின் எஞ்சின் வெறும் 600 குதிரைச்சக்திதான், ஆனால் சுழலியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுவதால் பெரிய விமானங்களையே மிஞ்சும் அளவுக்குக் கிழித்துக்கொண்டு அலறும். ஜப்பானின் ஜீரோ விமானங்களில், அன்றைய அசல் சகாயே எஞ்சினோடு பறக்கும் ஒன்று கலிஃபோர்னியாவில் சீனோ ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1944இல் சைபான் தீவில் கைப்பற்றியது. ஒரு கருவியின் அசல் குரலுக்கு ஒரே ஒரு சாட்சி மிஞ்சியிருக்கும்போது அதன்மேல் டிரம்ஸ் அடிக்கலாமா, சொல்லுங்கள்.

கண்ணுக்கு வருவோம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் 340 மீட்டர் தள்ளிப் போகும் விமானத்தின் சத்தம் நம்மை வந்தடைய ஒரு நொடி ஆகும், அதற்குள் விமானம் 140 மீட்டர் முன்னே போயிருக்கும். காது ஒரு இடத்தைக் காட்டும், கண் வேறு இடத்தில் தேடும். இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு விமானத் தளத்தின் வேலியோரம் நின்று பார்த்தபோது எனக்கு இதுதான் பெரிய வியப்பாக இருந்தது, எந்தக் காணொளியிலும் இது எனக்குத் தட்டுப்பட்டதில்லை. ஸ்பிட்ஃபயர் சாய்ந்து திரும்பும்போது முட்டை வடிவ இறக்கை முழுதாகத் தெரிந்து வெயிலில் ஒரு தடவை மின்னும். கோர்சேரின் சக்கரங்கள் மடங்கும்போதே கால் பங்கு சுற்றித் திரும்பி இறக்கைக்குள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் சுழலியின் நுனியிலிருந்து வெள்ளை இழைகள் சுருள் சுருளாகப் பின்னால் போகும்.

பத்திரிகைகளில் வரும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷட்டரை நொடியில் 2000இல் ஒரு பங்கு என்று வைத்து எடுக்கிறார்கள், படம் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் சுழலி அசையாமல் நின்று எஞ்சின் செத்துப்போன விமானம் போலத் தெரிகிறது. 125இல் ஒரு பங்குக்கு இறங்கி, விமானத்தோடு கேமராவையும் சேர்த்து நகர்த்தி எடுத்தால் சுழலி வட்டமாகக் கலங்கித் தெரியும். பத்துப் படம் வீணாகலாம், பரவாயில்லை, கிடைக்கும் ஒன்றில் உயிர் இருக்கும்.

இந்த விமானங்கள் இன்று பறப்பது சும்மா நடந்த விஷயம் இல்லை. என்3200 என்ற எண்ணுள்ள ஸ்பிட்ஃபயர் 1940இல் டன்கர்க் சண்டையில் அடிபட்டு பிரான்ஸ் கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்து, 1986இல் வெளியே தெரிந்து, 2014இல் மறுபடி பறந்தது. 'கிளேசியர் கேர்ள்' என்ற லைட்னிங், கிரீன்லாந்தில் 80 மீட்டருக்கு மேல் ஆழமான பனிக்கு அடியிலிருந்து 1992இல் மீட்கப்பட்டு, 2002இல் பறந்தது. ஆர்4118 என்ற ஹரிக்கேனின் கதை நமக்கு இன்னும் பக்கம். பிரிட்டன் வான்போரில் சண்டையிட்ட அந்த விமானம் பிறகு இந்தியா வந்து, காசி இந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்கும் பொருளாகி, கடைசியில் வெட்டவெளியில் கிடந்தது. 2001இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 2004 டிசம்பரில் அது பறந்தது. இப்படிப்பட்ட ஒன்று வானில் ஏறும் காட்சியைப் போடும் எந்தத் தமிழ்ப் பக்கமாவது இந்தக் கதைக்கு இரண்டு வரி ஒதுக்கக் கூடாதா?

இவற்றைப் பறக்கவிடுவதே தவறு, அருங்காட்சியகத்தில் நிறுத்த வேண்டும் என்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் விமானக் காட்சியின்போது ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய ஜெட் விமானம் பக்கத்துச் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் டல்லஸில் இரண்டு பழைய விமானங்கள் மோதி 6 பேர் இறந்தார்கள். ஷோரமுக்குப் பிறகு பிரிட்டனில் விதிகளைக் கடுமையாக்கினார்கள், அது சரியான முடிவு. பார்வையாளர் வேலியை இன்னும் தள்ளிப் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கொட்டகைக்குள் நிறுத்திவைத்த எஞ்சின் என்ன சத்தம் போட்டது என்று அடுத்த தலைமுறைக்கு எந்தப் பலகையில் எழுதிப் புரியவைப்பது? என்றைக்காவது இவை பறப்பது நின்றுபோனால் மிஞ்சப்போவது ஒலிப்பதிவுகள்தான், அதையும் நாம் இசையால் மூடிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஆசிரியர் அவர்களே, இனி இப்படி ஒரு காணொளி போடும்போது இசையை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆகும் இடத்தை வெட்டாதீர்கள். எந்த விமானம், எந்த எஞ்சின், எங்கே கிடந்து எந்த ஆண்டு மறுபடி பறந்தது என்று கீழே எழுதுங்கள். காற்றின் இரைச்சல் கலந்திருந்தாலும் பரவாயில்லை, அசல் சத்தத்தையே கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்