ஆறாவது வரியை எடுத்துவிடு, பாப்பா

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள பாப்பா,

உன் ஆய்வுக்காகச் செமாய்ப் பழங்குடிப் பெண்களிடம் கொடுக்க நீ எழுதி அனுப்பிய சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டேன். மலாய் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றிரண்டு இடங்கள் அரசாங்கக் கடிதம் மாதிரி விறைப்பாக இருந்தன; பென்சிலால் குறித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறேன். மொழியை மட்டும் பார்த்தால் போதும் என்று சொன்னாய். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரி வார்டில் தாதியாகக் கழித்தவளிடம் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிட்டு அப்படிச் சொன்னால் எப்படி?

முதலில் அந்த ஆறாவது வரியை எடுத்துவிடு. 'சேகரிக்கப்படும் தகவல்கள் எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்' என்று இருக்கிறதே, அது. எல்லாப் படிவத்திலும் இருக்கிற வழக்கமான வரி என்று மெல்போர்னில் உன் நெறிமுறைக் குழு சொல்லும். அரிசோனாவில் ஹாவசுபாய் மக்களிடம் 1990 முதல் ரத்தம் எடுத்தபோதும் படிவம் இப்படித்தான் அகலமாக எழுதப்பட்டிருந்தது. கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் சின்னச் சமூகம் அது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு. அதற்கான ஆய்வு என்று நம்பித்தான் கையை நீட்டினார்கள். அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயைப் பற்றியும், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வதால் வரும் கலப்பைப் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 2003-இல் அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் ரத்தம் எடுத்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நீ ரத்தம் எடுக்கப் போவதில்லை, பிரசவம் ஆன பெண்களுக்குச் செமாய்க்காரர்கள் கொடுக்கிற பச்சிலைகளைப் பற்றிக் கேட்கப் போகிறாய், அவ்வளவுதான். ஆனாலும் உன் ரெக்கார்டரில் ஒரு பாட்டி பேசுவது பல்கலைக்கழக சர்வருக்குப் போய்விட்டால், அடுத்து யார் எதற்கு அதைத் திறப்பார்கள் என்று உன்னாலேயே சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றுக்கு அவளிடம் கைநாட்டு வாங்காதே. வேறு ஆய்வுக்கு வேண்டுமானால் திரும்பப் போய்க் கேள்.

எங்கள் வார்டுக்கும் செமாய் மாதிரியான ஓராங் அஸ்லி பழங்குடிப் பெண்கள் வருவார்கள். டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும், தரை துடைக்க வரும் அக்காவிடம் மெதுவாக வேறு கதை சொல்வார்கள்: வீட்டுக்குப் போக வேண்டும், அந்த ஊசி வேண்டாம், புருஷன் வந்த பிறகு முடிவு செய்கிறேன். நீயும் பல்கலைக்கழக அட்டை, ரெக்கார்டர், ஓராங் அஸ்லி விவகாரங்களைப் பார்க்கும் அரசாங்கத் துறையான ஜாக்கோவாவின் கடிதம், வாடகை ஹைலக்ஸ் வண்டி எல்லாவற்றோடும் போய் இறங்கப் போகிறாய். உனக்கும் தலையாட்டுவார்கள். அதனால் முதல் நாள் எதையும் பதிவு செய்யாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்துவிடு, அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அப்புறம் போய்க் கேள். படிவத்தில் உன் மெல்போர்ன் மின்னஞ்சல் மட்டும்தான் இருக்கிறது. மனசு மாறினால் அந்தப் பாட்டி ஈமெயிலா அனுப்புவாள்? இங்கே யாராவது எடுக்கிற ஒரு கைப்பேசி எண்ணைப் போடு. விலகிக்கொள்ள இரண்டு வாரம் என்ற கெடுவையும் தூக்கிவிடு. புத்தகம் அச்சாகும் வரைக்கும் விலகலாம் என்று வை.

அனுமதி விஷயத்தில் உனக்கு ஒரு குழப்பம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஜாக்கோவா அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஓராங் அஸ்லி பகுதிக்குள் யார் நுழையலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்யும்படி 1954-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஊர்த் தலைவர் தோக் பாத்தினிடமும் கேட்க வேண்டும். ஆனால் இந்த இரண்டும் கிடைத்துவிட்டதாலேயே பெண்கள் பேச வேண்டும் என்று நினைத்தால், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் முகூர்த்த நாள் குறிப்பது போல ஆகிவிடும். மருந்து தெரிந்தவள் அந்தப் பாட்டி. தோக் பாத்தினுக்கு அதில் பாதிகூடத் தெரியாமல் இருக்கலாம்.

இதில் நம்ம ஊர்ப்பக்கக் கதையே ஒன்று இருக்கிறது. அகத்தியர் மலையில் காணிப் பழங்குடிக்காரர்களோடு 1987-இல் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்தவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஏதோ காயைத் தின்பதைப் பார்த்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே புகழ்ந்த ஏற்பாடு. நானும் புகழத்தான் செய்வேன், ஒன்றுமே கொடுக்காதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பரம்பரையாக மருத்துவம் பார்க்கிற காணிப் பெரியவர்கள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். மற்ற ஊர்க் காணிகள் தங்களை யாரும் கேட்கவில்லை என்றார்கள். ஒருவர் சொல்ல, எல்லோருடையதும் போய்விட்டது.

மஞ்சள் வழக்கு உனக்குத் தெரியும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, 1997-இல் ரத்து செய்தார்கள். எப்படி ரத்தானது? இந்தியத் தரப்பு பழைய சமஸ்கிருத நூல்களையும், 1953-இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் கொண்டுபோய் மேசையில் வைத்தது. நமக்கு ஏடு இருந்தது. செமாய்ப் பாட்டியிடம் ஏடு இல்லை, வாய்தான் இருக்கிறது. நீ எழுதி வெளியிட்டால் நாளைக்கு எவனும் 'நான் கண்டுபிடித்தேன்' என்று வர முடியாது, நல்லதுதான். ஆனால் வெளியான அன்றே எந்தக் கம்பெனியும் காசு கொடுக்காமல் படித்துக்கொள்ளலாம். எழுதாமல் விட்டாலோ பாட்டியோடு போய்விடும். இந்தச் சிக்கலுக்கு என்னிடம் விடை இல்லை. உன்னிடமும் இருக்க வேண்டியதில்லை. முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். நீ செய்யக்கூடியது, இந்த இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் அவர்கள் முன்னால் வைப்பது. நம் நாட்டிலேயே 2017-இல் போட்ட உயிரியல் வளப் பயன்பகிர்வுச் சட்டம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சமூகத்தின் முன்சம்மதமும் பயனில் பங்கும் அதில் இருக்கின்றன. அதைப் பற்றி உன் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லையே, ஏன்?

இன்னொன்று. எந்தச் செடி எந்த மேட்டில் முளைக்கிறது என்று ஜிபிஎஸ் புள்ளி போடப் போவதாக உன் திட்டத்தில் எழுதியிருக்கிறாய். தோங்காட் அலி மூலிகைக்கு விலை வந்ததும் வெளியாட்கள் காட்டுக்குள் புகுந்து வேரோடு பிடுங்கியது தெரியாதா? அந்த வரைபடம் கட்டுரையில் வேண்டவே வேண்டாம். ஆனால் அவர்கள் கையில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். நீ கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிறாயே, அந்த விமான நிலையத்துக்கான சாலைக்காக 1995-இல் டெங்கிலில் தெமுவான் என்ற ஓராங் அஸ்லி மக்களின் நிலத்தை எடுத்தார்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும்தான் காசு, மண்ணுக்கு இல்லை. வழக்குப் போட்டு, 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அந்த மண்ணும் அவர்களுடையதுதான், அதற்கும் இழப்பீடு உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கேதான் இருந்தோம் என்று காட்ட, பாட்டி பச்சிலை பறித்த இடமும் ஒரு நாள் சாட்சியாகலாம்.

தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் பீடோர் பக்கம்தான். அஸ்லிக்காரர்கள் பெத்தாய்க் காயும் பிரம்பும் கொண்டுவந்து தோட்டத்து லயத்து வாசலில் விற்ற கதையை நூறு தடவை சொல்லுவார். அந்தத் தோட்டம் போட்ட காடு முன்னே யாருடையது என்று நம் வீட்டில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. நம்மையும் வெள்ளைக்காரன் எண்ணி எழுதி வைத்தான், கஷ்டப்பட்டோம், எல்லாம் உண்மை. அதை வைத்து 'நானும் உங்களைப் போலத்தான்' என்று அங்கே போய்ப் பேசாதே. உனக்கு அது பாசமாகத் தெரியும். அவர்களுக்கு அப்படித் தெரியாமல் போகலாம்.

கடைசியாக, நீ எழுதியதை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் 1930-களில் தெமியார் என்ற ஓராங் அஸ்லி மக்களிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய், இவர்கள் தினமும் காலையில் கனவுகளைப் பேசித் தீர்த்துச் சண்டையே இல்லாமல் வாழ்கிறார்கள் என்று எழுதினார். 1960-களில் அமெரிக்காவில் அது பெரிய மோகமாகி, 'செனோய் கனவு முறை' என்று வகுப்பெல்லாம் நடந்தது (தெமியார், செமாய் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் செனோய்). பிறகு வந்த மானிடவியலாளர்கள் போய்ப் பார்த்தால் அவர் சொன்ன மாதிரி ஒன்றுமில்லை. கனவை அவர்கள் மதிக்கிறவர்கள்தான். ஆனால் அந்தப் பயிற்சி முறை அவர் தலையில் பிறந்தது. அச்சாகும் முன் ஒரு தெமியார் படித்திருந்தால் அன்றைக்கே சிரித்திருப்பார்.

சில ஆரம்பப் பள்ளிகளில் செமாய் மொழி பாடமாக இருக்கிறது. நமக்கு பினாங்கில் 1816-இலேயே தமிழ் வகுப்பு வந்துவிட்டது, அதைக் கொண்டாடி மேடை போட்டோம். உன் ஆய்வேட்டுக்கு முன்னால், அந்த ஊர்ப் பெண்கள் சம்மதித்தால், அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் பச்சிலைப் படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் போடு. எந்தச் செடி அதில் வரலாம், எது கூடாது என்று பாட்டிமார்களே சொல்லட்டும். எழுதியவர்கள் என்று அவர்கள் பெயர் இருக்கட்டும். உன் பெயர் பின்னட்டையில் போதும். உன் பேராசிரியர் இதைக் கணக்கில் சேர்க்கமாட்டார் என்றால் சேர்க்க வேண்டாம்.

எல்லாம் சொல்லியும் அவர்கள் முடியாது என்றால் தலைப்பை மாற்றிக்கொள். உதவித்தொகை ஒரு வருஷம் நீண்டால் நானும் அப்பாவும் சமாளித்துக்கொள்வோம், அதை நினைத்து யாரையும் நெருக்காதே.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். நீ ஆய்வுக்குப் போகிற தாப்பாவுக்குத் தானே காரோட்டிக் கொண்டுபோய் விடுவதாக அப்பா நிற்கிறார். ஆய்வுக்கு உதவியாம். டுரியான் சீசன் எப்போது என்று கேட்டுக்கொண்டே சொல்கிறார், நீயே புரிந்துகொள்.

அன்புடன்,
அம்மா