கற்றுக்கொள்வது காப்பியடிப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியில் வென்ற பள்ளி மாணவனைப் பற்றிய சென்ற ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில், 'டைசனை அப்படியே காப்பியடிக்கும் மதுரைப் பையன்' என்று எழுதியிருந்தீர்கள். தேர்வறையில் பிடிபட்டவனுக்குச் சொல்லும் சொல்லை, விடியுமுன் செல்லூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குச் சூட்டலாமா?

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனே தம் பாணியை யாரிடமிருந்து பெற்றார் என்பது தாங்கள் அறியாததன்று. இரு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி வைத்து, தலையை இடம் வலமாக அசைத்தபடி எதிராளியின் கைகளுக்குள் புகுந்து அடிக்கும் அந்த முறையை, பயிற்சியாளர் கஸ் டமாட்டோ டைசனுக்கு முன்பே ஃபிளாய்ட் பேட்டர்சனுக்குக் கற்பித்திருந்தார். பேட்டர்சன் 1956இல் 21 வயதில், அதுவரை யாரும் எட்டாத இளம் வயதில், ஹெவிவெயிட் உலகச் சாம்பியனானார். அதே ஆசானிடம் வளர்ந்த டைசன் 1986இல் 20 வயதில் அந்தச் சாதனையை முறியடித்தார். காலுறையின்றி, கறுப்புக் கால்சட்டையோடு ரிங்கில் ஏறியதுகூட பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்சியைப் பார்த்துத்தான். முகமது அலியின் காலசைவில் அவருக்கு மூத்த வீரர் சுகர் ரே ராபின்சன் தெரிந்தார். நம் பக்கத்துச் சிலம்பக் கூடங்களில் ஒரு பிள்ளை காலடி எடுத்து வைத்ததுமே, இன்ன ஆசானின் வழி என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்; அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெருமை கிடையாது.

பிறர் பாணியை எடுத்தாள்வது எளிதன்று என்பதை நான் பட்டு அறிந்தவன். 1980இல் அலி சென்னைக்கு வந்து முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்துத் திரும்பிய நான், அவரைப் போலவே கைகளை இடுப்பளவுக்குத் தாழ்த்தி நின்று, அடுத்த போட்டியின் முதல் சுற்றிலேயே மூக்கு உடைந்தேன். "அலி கையை இறக்கினால் அவர் கால் காப்பாற்றும். உன் கால் இன்னும் பழகவில்லையே" என்று ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என் ஆசான் சொன்னார்.

அந்த மாணவன் தன் எடைப் பிரிவில் குள்ளமானவன். அதனால்தான் அவனுடைய பயிற்சியாளர் டைசனின் அந்த முறையைத் தேர்ந்து இரண்டு ஆண்டுகள் பழக்கினார். அவன் இடக்கைக்காரன் என்பதால், டைசன் நுழையும் கோணத்துக்கு நேர் எதிர்ப்புறமிருந்து நுழைகிறான். அதைக் கண்டு எழுதியிருந்தால் என் போன்றோர் கைகூப்பியிருப்போம்.

கடந்த ஆண்டு 66 கிலோ பிரிவில் வலக்கையால் ஆடிய மாணவியை 'இன்னொரு மேரி கோம்' என்றீர்கள். லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற மேரி கோம் இடக்கைப் பாணிக்காரர். இருவரும் பெண்கள் என்பதைத் தவிர அந்த ஒப்பீட்டுக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வென்றவரின் படத்துக்குக் கீழே தோற்றவரின் பெயர் வந்தது. நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அடுத்த முறை அந்த மாணவனைப் பற்றி எழுதும்போது, அவனது எடைப் பிரிவையும், இடக்கைக்காரன் என்பதையும், பயிற்சியாளரின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
செல்லூர், மதுரை.