எழுபது வளைவும் ஒரு லிட்டர் ஆயிலும்

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பட்டறையில் மாசக் கடைசிக் கணக்கு, நிமிரவே நேரமில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக உன்னைப் பார்த்து, "ஏன்டா இப்படி நரைச்சுப் போயிட்ட" என்று கேட்டார்களாமே. என் வீட்டுக்காரி அதை நினைத்து நினைத்து இன்னும் சிரிக்கிறாள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் திருச்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எனக்கு இடது முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது.

சரி, உன் யுனிகார்ன் பைக்கின் கிளட்ச் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நாலு பக்கத்தில் மூன்று பக்கம் அதுதானே.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது மூன்றாவது கியரில் முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை; பாதி மலையில் கருகல் வாடை வருகிறது என்கிறாய். அது ஸ்லிப்தான், கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் இழுவையைப் பிடிக்காமல் வழுக்குகின்றன, சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏன் ஸ்லிப் ஆகிறது என்று அந்தக் கடைக்காரர் பார்த்தாரா? பார்த்ததாக நீ எழுதவில்லை. எடுத்த எடுப்பில் பிளேட்டுகளைத் தாங்கும் ஹப், அவுட்டர் எல்லாம் சேர்த்து மாற்று, கூடவே கெட்டி ஸ்பிரிங்கும் கெவ்லார் பிளேட்டும் போடு, அப்புறம் ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை என்று சொல்லியிருக்கிறார். உனக்கும் கை துறுதுறுக்கிறது. எழுத்திலேயே தெரிகிறது.

என் கதையைக் கேள். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் மச்சான் காருக்கு ஆயில் மாற்றியபோது ஒரு லிட்டர் மிச்சம். நல்ல விலை ஆயில், சீல்கூட உடைக்காதது. நம் யுனிகார்னுக்கும் ஒரு லிட்டர்தான் பிடிக்கும். வீணாகப் போவானேன் என்று பழசை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். ஒரு வாரம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பெருமையாகக்கூட இருந்தது.

ஆடிப்பெருக்குக்கு வீட்டுக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினேன். வல்வில் ஓரி விழாக் கூட்டம், முன்னால் வேன், பின்னால் பஸ். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. முப்பது வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல், வளைவில் வேகம் குறைத்துத் திரும்ப முறுக்கும்போதெல்லாம் சத்தம் மட்டும் துள்ளியது. பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "வண்டி கத்துது, ஆனா போக மாட்டேங்குதே." முப்பது வருடம் லாரிக்காரர்கள் நடுவில் கணக்கு எழுதுகிறேன். கிளட்ச் ஸ்லிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஓரமாக நிறுத்தி அன்னாசிப்பழம் வாங்கித் தின்றோம். இருபது நிமிடம் ஆறவிட்டதும் கிளட்ச் பிடித்தது. ரெண்டு வளைவு. மறுபடி அதே கதை. மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரரை அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம். இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை, கிளட்சுக்கு அங்கே பெரிய வேலை கிடையாதே. அவள் அருவி பார்க்காத கோபம் தீபாவளி வரைக்கும் நீடித்தது.

அந்த ஆயிலில் எந்தக் குறையும் இல்லை, காருக்கு அது தங்கம். தப்பு என்னுடையது. லாரியிலும் காரிலும் கிளட்ச் வறண்ட இடத்தில் இருக்கிறது, ஒரு துளி எண்ணெய் பட்டாலே பாழ். நம் வண்டியில் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன. இப்போதைய கார் ஆயில் பலதில் மைலேஜுக்காக வழுக்கல் கூட்டும் சரக்கு கலக்கிறார்கள். பிஸ்டனுக்கு அது நல்லது. பிடித்துக்கொள்ள வேண்டிய பிளேட்டுக்கு எமன். அதனால்தான் பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜாசோ என்ற ஜப்பான் தரக் குறியோடு எம்ஏ, எம்ஏ2 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. எம்ஏ2 என்றால் பிடிப்பு அதிகம். எம்பி என்று இருந்தால் அது வழுக்கல் ஆயில், கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. தொடாதே. உன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே படி.

இன்னொன்று யோசித்துப் பார். நம் இன்ஜின் தருகிற முறுக்குவிசை 12, 13 நியூட்டன் மீட்டர். ஆனால் கிளட்சுக்கு வரும் முன்பே பிரைமரி கியர் அதை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிவிடுகிறது. ஆக நாற்பதுக்குப் பக்கத்தில் வருகிற இழுவையை, உள்ளங்கை அகலத்தில் சில பிளேட்டுகள், எண்ணெயில் நனைந்தபடி, நாலு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மட்டும் நம்பிப் பிடித்து நிற்கின்றன. எண்ணெய்க் கையோடு தேர்வடம் இழுப்பது மாதிரிதான். கொஞ்சம் வழுக்கல் கூடினாலும், ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும், பிளேட் அளவுக்கு மேல் தேய்ந்தாலும் மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும். சமதரையில் மாசக்கணக்கில் தெரியாது. நீ வால்பாறையில் இருப்பதால் சீக்கிரம் தெரிந்தது. நாமக்கல்லில் ஓட்டுகிற நான் பிளேட்டைச் சாம்பலாக்கிய பிறகுதான் கண்டுபிடித்திருப்பேன்.

ஆயில் சரி என்றால் அடுத்து கேபிள். போன தீபாவளிக்கு நீயே புதுக் கேபிள் போட்டதாகச் சொன்னாய். உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும், சைக்கிள் பிரேக்கைக்கூட விறைப்பாகத்தான் வைப்பாய். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் தானாகவே குறையும். ஆட்டமே இல்லை என்றால், நீ லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடிதான் இருக்கும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது விரலால் ஆட்டிப் பார். இதற்குப் பத்து பைசா செலவில்லை.

அதுவும் சரியாக இருந்தால்தான் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டும். நான் முதலில் ஆயிலை மட்டும் மாற்றிப் பார்த்தேன், முழுசாகச் சரியாகவில்லை. அதற்குள் பிளேட் கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டது. நம் பழைய மெக்கானிக் அண்ணன்தான் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேயும் பிளேட்டுகளை வெர்னியரில் அளந்தார். புதுசில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 2.6-க்கு வந்துவிட்டால் ஆயுசு முடிந்தது. என்னுடையது 2.7. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும், ஆனால் மேல்பரப்பு கருகியிருந்தது. அப்புறம் கடைச் சுவரில் தொங்கிய, முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில் படுக்க வைத்தார். அதன்மேல், தேயும் பிளேட்டுகளுக்கு இடையிடையே வரும் இரும்புப் பிளேட்டை ஒவ்வொன்றாக வைத்து, விளிம்புக்கு அடியில் 0.2 மில்லிமீட்டர் தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். நாலு பிளேட்டில் நுழையவில்லை. ஐந்தாவதில் கத்தி மாதிரி உள்ளே போனது. சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்த நிறத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம் என்றார். ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங்கோடு ஒட்டி நிறுத்தினார், பழசு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை.

அவுட்டரின் விரல்களில் பிளேட் இடித்து இடித்துச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. "இதையும் மாத்தணுமா அண்ணே?" என்று கேட்டேன். நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அரத்தை எடுத்து லேசாக இழுத்துவிட்டார். அந்தப் பள்ளத்தால் கியர் மாற்றும்போது இடிக்கும், லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. ஸ்லிப்புக்கு அது காரணமில்லை. உன் கடைக்காரர் ஸ்லிப் என்றதும் அசெம்ப்ளி முழுக்க மாற்றச் சொன்னது எனக்கு இடிப்பது அங்கேதான். ஆழமான பள்ளம் இருந்தால் மாற்று. கண்ணால் பார்க்காமல் மாற்றாதே.

புதுப் பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு மறுநாள்தான் மாட்டினார். அவசரத்துக்குக் காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் நாளே கருகிவிடுமாம். ஸ்பிரிங் போல்ட்டைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஆயில் சல்லடையில் பிளேட் துகள் கறுப்புச் சேறாக அடைத்திருந்தது. நீ திறந்தால் அதையும் கழுவச் சொல், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எல்லாமே கம்பெனிச் சாமான்தான். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, போன தை மாசம் எழுபது வளைவும் ஏறி அவளுக்கு அருவியும் காட்டியாகிவிட்டது.

இனி உன் கெட்டி ஸ்பிரிங். பிடிப்பு கூடும், பொய்யில்லை. ஆனால் ஸ்பிரிங் எத்தனை கெட்டியோ அத்தனை லீவரும் கனக்கும். கேபிளுக்கும் சுமை. மழைக்காலத்தில் எஸ்டேட் லாரிக்குப் பின்னால் முதல் கியரில் நகர்ந்து நகர்ந்து ஏறுகிற உனக்கு, ஐம்பத்திரண்டு வயசில், மணிக்கட்டு என்ன ஆகும்? கெவ்லார் சூடு தாங்கும், ஆனால் சூடு எங்கிருந்து வருகிறதோ அதை விட்டுவிட்டு சூடு தாங்குகிறதைப் போடுவது என்ன கணக்கு? இன்ஜினைக் கிண்டி சக்தி கூட்டியவனுக்கு, ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் வேண்டும். நம் வண்டி அதே 13-ஐத்தானே தருகிறது.

ஸ்லிப்பர் கிளட்ச் பற்றியும் கேட்டிருந்தாய். அது ஸ்லிப்பைத் தடுக்கிற கிளட்ச் இல்லை மாப்ளே, பேரைப் பார்த்து ஏமாறாதே. இறக்கத்தில் படக்கென்று கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் வழுக்காமல் கிளட்சைக் கொஞ்சம் நழுவவிடுகிற ஏற்பாடு. அதோடு அசிஸ்ட்டும் சேர்ந்து வந்தால் இழுவையில் பிளேட்டைத் தானே இறுக்கும், அதனால் லேசான ஸ்பிரிங் போதும், லீவரும் பஞ்சு மாதிரி இருக்கும். ராயல் என்ஃபீல்டு 650, யமஹா ஆர்15 மாதிரி வண்டிகளில் பார்த்திருப்பாய். மலையில் இறங்குகிற உனக்கு அது உபயோகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் பழைய வண்டிக்கு அதைத் தேடி, கடைந்து மாட்டுகிற காசில் பாதி வண்டி வாங்கிவிடலாம். எப்போதாவது புது வண்டி எடுத்தால் அது இருக்கிறதா என்று பார்த்து எடு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வளைவில் பஸ்ஸுக்கு வழிவிடும்போது பிரேக் பிடித்து நிற்கிறாயா, இல்லை பாதி கிளட்சிலேயே வண்டியை மேட்டில் தொங்கவிடுகிறாயா? பொள்ளாச்சியிலிருந்து ரெண்டு மூட்டை மளிகையும் தங்கச்சியும் பின்னால் இருக்கும்போது? காலேஜ் நாளிலேயே நீ அப்படித்தான் நிற்பாய். என் அப்பாவின் ராஜ்தூத்தை வாங்கிப் போய் கார்க் பிளேட் தீய்ந்த வாடையோடு திருப்பி நிறுத்தியது எனக்கு மறக்கவில்லை. அப்பா கடைசிவரை நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேபிளையும் ஆயில் டப்பாவையும் பார்த்துவிட்டு எழுது. திறந்தால் பழைய பிளேட்டைக் கடையில் விட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா, பட்டறை வெர்னியரில் நாமே அளந்து பார்க்கலாம். கூடவே அரைக்கிலோ தேயிலைத்தூள். போன தடவை கொடுத்தது வீட்டில் ஒளித்து வைத்துத் தீர்ந்துவிட்டது, எனக்கு ரெண்டு டம்ளர்தான் கிடைத்தது.

அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

இப்படிக்கு,
உன் மாப்ளே