முட்டித் தேய்மானம் எதனால் வருகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

நீ கேப் (முட்டி உறை), கைத்தடி, கமோடு சேர் வாங்க வருகிற பலரும் கேட்கிற கேள்வி இது: "எக்ஸ்ரேல தேஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. இனி நடந்தா இன்னும் தேயுமுங்களா?" கல்லா முன்னால் நின்று ஓரிரு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முட்டியில் எலும்புகள் சந்திக்கும் முனைகளைப் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் முக்கியமானவை இரண்டு: கொலாஜன் நார்களால் ஆன வலை, அதில் சிக்கி நிற்கும் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகான் தண்ணீரை இழுத்து உப்பப் பார்க்கும். வலை அதை உப்ப விடாது. இந்த இழுபறியின் விறைப்புதான் உங்கள் எடையைத் தாங்குகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. உள்ளே இருக்கும் கொஞ்சம் செல்களுக்கும் சாப்பாடு மூட்டு நீரிலிருந்துதான் வரவேண்டும். கால் ஊன்றும்போது அழுந்தி, தூக்கும்போது விரிந்தால்தான் அந்த நீர் நன்றாக உள்ளே போய் வரும். மாவுக்கட்டுப் போட்டு நெடுநாள் அசையாமல் வைத்த காலில் குருத்தெலும்பு மெலிவது இதனால்தான். ஆக, அளவான நடை மூட்டைக் கெடுக்காது. "ரெஸ்ட் எடுங்க" என்று வீட்டார் மாதக்கணக்கில் கட்டிலோடு வைப்பதுதான் கெடுக்கும்.

அப்படியானால் தேய்வது எப்படி? உரசி உரசி மட்டும் தேய்வதில்லை. அடிபட்டோ, வயதாலோ, சுமை ஒரே இடத்தில் விழுந்தோ அந்தச் செல்கள் நிலை தடுமாறும்போது, குருத்தெலும்பைக் கட்டுவதைவிட, அதைக் கரைக்கும் நொதிகளை (என்சைம்களை) அதிகமாகச் சுரக்கின்றன. ஏடிஏஎம்டிஎஸ் வகை நொதிகள் அக்ரிகானை வெட்டும். எம்எம்பி-13 கொலாஜனை வெட்டும். அக்ரிகான் போனால் செல்கள் ஓரளவு திரும்பச் செய்துகொள்ளும். பெரியவர்களின் குருத்தெலும்பில் கொலாஜன் வலை அநேகமாகப் புதிதாக உருவாவதே இல்லை. அது அறுந்தால் அறுந்ததுதான். உதிர்ந்த துகள்கள் மூட்டின் உள்ளுறையைச் சீண்டி வீங்க வைக்கும். அந்த வீக்கத்தில் சுரக்கும் இன்டர்லூகின் போன்ற பொருட்கள் செல்களை இன்னும் நொதி சுரக்கத் தூண்டும். அடியிலுள்ள எலும்பு கெட்டியாகும், ஓரத்தில் முள் போல வளரும்.

நரம்பில்லாத குருத்தெலும்பு வலிக்காது. வலி அடி எலும்பிலிருந்தும் உள்ளுறையிலிருந்தும் மூட்டைச் சுற்றிய பையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் தெரியும். படத்தில் மோசமாக இருப்பவர் சந்தைக்கு நடந்து போவதும், லேசாக இருப்பவர் படி ஏற முடியாமல் தவிப்பதும் இதனால் நடக்கிறது. படத்தைப் பார்த்து மட்டும் பயந்துவிட வேண்டாமுங்க.

காரணங்களில் வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகமாக வருகிறது. மற்றவற்றில் உடல் எடைதான் பெரியது. 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. சுமையோடு கதை முடிவதில்லை: கொழுப்புத் திசு வீக்கத்தைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது. எடை தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருவதற்கு அது ஒரு காரணம்.

அடுத்தது பழைய அடி. கபடியிலோ பைக்கிலிருந்து விழுந்தோ முட்டியின் உள் ஜவ்வு கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 முதல் 20 வருடத்தில் தேய்மானத்தின் அறிகுறி தெரிகிறது. இருபது வயதில் விழுந்த பையனுக்கு நாற்பதுக்கு முன்னாலேயே முட்டி பிடிப்பதற்கு இதுதான் கணக்கு. கால் வெளிப்புறம் வளைந்தவர்களுக்கு முட்டியின் உட்பக்கம் அதிகம் தேயும். நடக்கும்போது உட்பக்கம் ஏற்கெனவே பாதிக்கு மேல் சுமை தாங்குகிறது. வளைவு அதைக் கூட்டிவிடும். வருடக்கணக்காகக் குத்தவெச்சு களை வெட்டுகிறவர்கள், மஞ்சள் மூட்டை தூக்குகிறவர்கள் போன்றோருக்கும் ஆபத்து கூடுதல். முன்தொடைத் தசை மெலிந்தால் அதிர்ச்சியெல்லாம் நேராக மூட்டுக்குப் போகும்.

இனி எங்கள் பொருட்கள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு வருகிறோம். சாதாரண நீ கேப் வெதுவெதுப்பும் பிடிமானமும் தரும், குருத்தெலும்பை வளர்க்காது. நடக்கும்போதும் வேலையின்போதும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ மரத்தாலோ அளவு சிறியதாக இருக்கலாம். உட்பக்கம் தேய்ந்து கால் வளைந்தவர்களுக்கு ஹிஞ்ச் (கீல்) வைத்த பிரேஸ் என்ற முட்டிக் கட்டு சுமையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளும். அதை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கிற தவறு. செருப்புப் போட்டு, கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்து எழச் சிரமப்படுகிறவர்களுக்குக் கமோடு சேர் நல்ல உதவி.

காசு செலவில்லாத ஒன்று: மல்லாந்து படுத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியால் துண்டை அழுத்தி 5 விநாடி நிறுத்தித் தளர்த்துங்கள். ஒரு காலுக்கு 10 தடவை, தினம் இரண்டு வேளை. இந்தத் தொடைத் தசைதான் உங்கள் நிஜமான நீ கேப். குளுக்கோசமைன் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை. பெரிய ஆய்வுகளில் போலி மாத்திரையைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை.

காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து இரண்டு கை விரல்களும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கடைக்கு வரவேண்டாம்.

நீ கேப் அளவுக்கு, வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில், நின்றபடி முட்டியின் நடுவில் டேப் சுற்றிச் சென்டிமீட்டரில் எழுதி வாருங்கள். அளவு சரியில்லை என்றால் பில்லோடு கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு உபகரணக் கடையார்,
ஈரோடு