உங்கள் மே மாதத்தை எங்களுக்குத் தந்தீர்கள்

கனடாவின் ரெஜைனா நகருக்குத் தெற்கே, எங்கள் பண்ணையைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் என் கணவருக்கு அறுவை சிகிச்சை. ஆறு வாரம் டிராக்டரில் ஏறக் கூடாது என்றார் டாக்டர். சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்த ஆறு வாரம்தான் எங்களுக்கு வருஷமே. பனி கரைந்து மண் சூடேற வேண்டும், காற்று ஈரத்தை உறிஞ்சுவதற்குள் விதை இறங்க வேண்டும். தள்ளிப்போனால் பயிர் முற்றுவதற்குள் செப்டம்பர் உறைபனி வந்துவிடும். உங்களுக்கும் அதே நாட்கள்தான். அதிலிருந்து எடுத்துத்தான் எங்கள் வயலை விதைத்துக் கொடுத்தீர்கள்.

முதலில் மசூர் பருப்பு, அப்புறம் டூரம் கோதுமை என்று வரிசை போட்டதும் நீங்களே. மசூர் உறைபனியில் கருகினாலும் மண்ணுக்கடியில் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். கோதுமைக் குருத்தும் கொஞ்ச நாள் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். எண்ணெய்க்காக விதைக்கும் கனோலாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் குருத்து விதையிலைகளுக்கு நடுவே வெளியில் நிற்கும். அதனால் அதைக் கடைசிக்கு வைத்தீர்கள்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மேற்குப் பக்கத்துப் பெரியவர் ஒரு பிடி களிமண்ணை எடுத்து அழுத்தினார். உருண்டையாக நின்றது. "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஈர மண்ணில் ஓட்டியிருந்தால் நிலம் இறுகிப் போயிருக்கும். அவர் வயலிலும் விதைப்பு பாக்கி இருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கனோலா முளைத்த பிறகு ஒரு விடியற்காலை உறைபனி இறங்கியது. இலையெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். நாலாம் நாள் அந்தப் பெரியவர் மண்டியிட்டு, கருகிய இலையை விரலால் விலக்கி, நடுவில் பச்சை இருப்பதைக் காட்டினார். அந்தப் பச்சையை நான் மறக்க மாட்டேன்.

மாகாண வேளாண் துறையின் வாராந்திரப் பயிர் அறிக்கைக்காகச் சம்பளமில்லாமல் மழை அளந்து எழுதும் அம்மாவுக்கும் நன்றி. எங்கள் முற்றத்திலும் ஒரு மழைமானி நட்டுவிட்டுப் போனீர்கள். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதுவது இப்போது என் கணவரின் வேலை. ஜூன் மழை நன்றாகவே பெய்தது.

சமைத்துக் கொண்டுவந்தவர்கள், இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டிய இளைஞர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. டீசல் கணக்கை மட்டும் இன்னும் ஒருவரும் தரவில்லை. தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள்.