பிளாக்பர்ன் இழந்த இரண்டு புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பின் 2024-25 சீசன் முடிந்தபோது, லீட்ஸ் யுனைடெட், பர்ன்லி ஆகிய இரு அணிகளும் தலா 100 புள்ளிகளுடன் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் விரிவாகவே வெளியிட்டிருந்தது. அதன் கீழே, இந்தியர்களுக்குச் சொந்தமான பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணி 7-ஆம் இடத்தைப் பிடித்தது என்று ஒரே ஒரு வரி பெருமிதத்துடன் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் அந்த அணியை அறியாத இளைஞர்கள் குறைவு. பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கறிக்கோழி ஏற்றிய வண்டிகள் வேலந்தாவளம் சோதனைச்சாவடி வழியாக நாள்தோறும் கேரளத்துக்குள் வரும் ஊர் எங்களுடையது. கோழித் தொழிலில் உள்ள எவருக்கும் வெங்கீஸ் நிறுவனத்தின் பெயர் தெரியும். அந்நிறுவனம் 2010 நவம்பரில் வாங்கிய கால்பந்து கிளப் என்பதாலேயே, பாலக்காட்டுச் செவன்ஸ் (அணிக்கு எழுவர் ஆடும் கால்பந்து) மைதானங்களில் பிளாக்பர்னின் நீலமும் வெள்ளையும் பாதிக்குப் பாதியான சட்டையை அணிந்த பையன்களைக் காண முடிகிறது. அவர்கள் அந்த வரியைப் படித்து மகிழ்ந்தார்கள். எனக்கு அது வருத்தத்தையே தந்தது.

சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் ஆட வேண்டும். முதல் இரண்டு அணிகள் நேரடியாக உயரும். அந்த சீசனின் விதிப்படி, 3 முதல் 6 வரையிலான இடங்களைப் பெற்ற நான்கு அணிகள் பிளே-ஆஃபில் மோதி, அவற்றுள் ஒன்று மட்டும் உயர்ந்தது. எனவே அந்த சீசனில் 6-ஆம் இடத்துக்கும் 7-ஆம் இடத்துக்கும் இடையே இருந்த தூரம், 7-க்கும் 20-க்கும் இடையே இருந்ததைவிடப் பெரியது. பிரிஸ்டல் சிட்டி 68 புள்ளிகளுடன் 6-ஆம் இடத்தைப் பெற்றது. பிளாக்பர்ன் பெற்றவை 66. தோற்ற ஆட்டங்களுள் ஏதேனும் ஒன்றை மட்டும் வென்றிருந்தால் கதை மாறியிருக்கும்.

அந்த வெற்றி எங்கே கைநழுவியது என்பதையே செய்தி சொல்லியிருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் பிளாக்பர்ன் 5-ஆம் இடத்தில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அதன் மேலாளர் ஜான் யூஸ்டஸ், மூன்றாம் நிலைக்குத் தள்ளப்படும் அபாயத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த டார்பி கவுன்டிக்குச் சென்றுவிட்டார். மேலே ஏறிக்கொண்டிருக்கும் அணியை விட்டுவிட்டு, மூழ்கும் நிலையில் உள்ள அணியைத் தேடி ஒரு மேலாளர் போகிறார் என்றால், அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியவர்கள் எங்கே தவறினார்கள் என்று கேட்பது இயல்பல்லவா? அவர் சாதாரணமாக வேலை செய்தவர் அல்லர். 2024 பிப்ரவரியில் பொறுப்பேற்று, அந்த சீசனின் கடைசி நாளில் லெஸ்டர் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என வென்று, 19-ஆம் இடத்துடன் அணியைக் காப்பாற்றியவர். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாக 27 கோல்கள் அடித்த சாமி ஸ்மோடிக்ஸ் அடுத்த ஆகஸ்டில் இப்ஸ்விச் அணிக்கு விற்கப்பட்டார். கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் அதற்கு முன்பே கிரிஸ்டல் பேலஸுக்குப் போயிருந்தார். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு 19-லிருந்து 5 வரை ஏறிய உழைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். யூஸ்டஸுக்குப் பதிலாக 2025 பிப்ரவரி இறுதியில் மேலாளராக வந்த வலேரியன் இஸ்மாயேல் மீது பழி சுமத்துவது நியாயமாகாது. நடுவழியில் ஓட்டுநரை மாற்றிய வண்டி அது. யூஸ்டஸ் சென்ற டார்பியோ வீழ்ச்சியிலிருந்து தப்பித்துவிட்டது.

இது முதல்முறையும் அன்று. 2022-23 சீசனில் பிளாக்பர்ன் சண்டர்லாந்துக்கு இணையாக 69 புள்ளிகள் பெற்றும், கோல் வித்தியாசத்தால் 7-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அதே சண்டர்லாந்து 2025 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பிவிட்டது.

உரிமையாளர்களுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் வரும் நட்டத்தை அவர்களே ஈடுகட்டி வந்திருக்கிறார்கள். 2023 முதல் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இருந்தது. ஆனால் 1888-இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளுள் ஒன்றும், 1994-95 பிரீமியர் லீக் சாம்பியனுமான அணி, அவர்கள் கைக்கு வந்த பின் 2012-இல் இரண்டாம் நிலைக்கும் 2017-இல் மூன்றாம் நிலைக்கும் இறங்கி, 2018-இல் மீண்டும் இரண்டாம் நிலைக்கு வந்து, 2024-25 சீசனிலும் அங்கேயே நின்றது. உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்காக கிளப்பின் சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் தலைகாட்டுவதில்லை என்பதே அவ்வூர் ரசிகர்களின் பெரிய மனக்குறை.

இந்த மனக்குறை எனக்குப் புரியும். எங்கள் ஊர்ச் செவன்ஸ் அணியை வெளியூரிலிருந்த ஒரு புரவலர் மூன்று ஆண்டுகள் நடத்தினார். சட்டையில் அவர் தொழிலின் பெயர் இருந்தது; பணமும் பெரும்பாலும் வந்தது. ஆனால் கமுகு மரத்தில் கட்டிய கேலரியில் அவருக்காக முன்வரிசையில் போட்டு வைத்த நாற்காலி ஓர் ஆட்டத்திலும் நிறையவில்லை. அடிப்பாகம் பிளந்த பூட்ஸைச் சந்தைப்பேட்டையில் நூல் கொடுத்துத் தைத்து, அன்று மாலையே ஆட வந்த எங்கள் கோல்கீப்பர், அடுத்த போட்டித் தொடருக்கு முன் வேறு அணிக்குப் போய்விட்டான். அவனை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. கேட்டபோது, "பூட்ஸுக்காகப் போகலைங்க சார், கேக்க ஆளில்லைன்னுதான் போனேன்" என்றான்.

பிளாக்பர்ன் மக்களைப் பற்றி இன்னொன்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஒரு காலத்தில் அவ்வூர் ஆலைகள் நெய்த வேட்டிகள் பெருமளவில் இந்தியாவுக்கே வந்தன. என் பாட்டனார் தறி நெய்து பிழைத்தவர். சீமை வேட்டியின் விலைக்குத் தம்மால் நெய்ய முடியவில்லை என்று கடைசிவரை வருந்தினார். நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் அந்த ஆலைகளிலும் வேலை போயிற்று. அந்நிலையிலும், 1931-இல் காந்தியடிகள் பிளாக்பர்னை அடுத்த டார்வென் ஊருக்கு நேரில் சென்றபோது ஆலைத் தொழிலாளர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். நேரில் வந்து முகம் பார்த்துப் பேசுபவரை மதிக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய கிளப்பை நம் நாட்டவர் வைத்திருப்பது பெருமையா என்பதை, அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்ட பிறகே நாம் எழுத வேண்டும்.

ஆகவே, இனி பிளாக்பர்ன் பற்றிய செய்தி வரும்போது உரிமையாளரின் நாட்டை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திவிடாமல், அணி எப்படி ஆடியது, யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாம்பியன்ஷிப்பின் புள்ளிப் பட்டியலை வாரம் ஒருமுறையாவது முழுமையாக, 24 அணிகளுக்கும் வெளியிட்டால், எங்கள் படிப்பகச் சுவரில் ஒட்டி வைக்க ஆளிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.